தோல்விக்கு அடுத்த நாள்: தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தேகப்பயிற்சி அளித்துவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



ஒரு மாணவன் போட்டியில் வென்று திரும்பும்போது அவனுக்கு மாலையிட ஊரே திரண்டு வருகிறது. தோற்றுத் திரும்பும்போதோ, அவனுடைய பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையம் வரையில் உடன் நடப்பவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவரே. அந்த நேரத்தில் அவனிடம் என்ன சொல்வது, மறுநாள் காலையில் அவனை எங்கே தொடங்கச் சொல்வது என்னும் வினா ஆண்டுதோறும் உங்களை வந்து அடைகிறது. அவ்வினாவுக்குத் தம் ஜீவிய சரித்திரத்தாலேயே விடை கூறிய ஒருவரை உங்கள் முன் நிறுத்த வேண்டும் என்னும் விருப்பமே இம்மடலை எழுதத் தூண்டியது. அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மல்யுத்த வீரர் டான் கேபிளைப் பற்றியே சொல்கிறேன்.

அவரைப் பற்றி எழுதுவோர் யாவரும் அவருடைய வெற்றிகளை எண்ணுவதிலேயே தொடங்குகின்றனர். பள்ளியில் 64 போட்டிகள், அத்தனையிலும் வெற்றி. கல்லூரியில் 118 போட்டிகள், அவற்றுள் 117 வெற்றி. ஆக 181 வெற்றிக்கு எதிராக ஒரே ஒரு தோல்வி என்பது அவர் மாணவப் பருவத்தின் கணக்கு. அந்த 181-ஐக் கண்டு வியப்பது எவர்க்கும் எளிது. ஆனால் ஆசிரியராகிய உங்களுக்குப் பயன்படுவது, எஞ்சி நிற்கும் அந்த ஒன்றே என்பது என் துணிபு. ஏனெனில், ஒருவர் பெற்ற வெற்றியைப் பிறர்க்குக் கற்பித்தல் அரிது. அவர் தம் தோல்வியை ஆராய்ந்த முறையையோ எந்தப் பள்ளியிலும் எந்த மாணவனுக்கும் கற்பித்துவிடலாம்.

கேபிள் 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி வாட்டர்லூ நகரத்தில் பிறந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளக் கொல்லைகள் பரந்து கிடக்கும் அயோவாவின் வடகிழக்குப் பகுதியில், டிராக்டர் தொழிற்சாலையும் இறைச்சி பதனிடும் ஆலையும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஜீவனம் அளித்துவந்த தொழிலாளர் நகரம் அது. வெளியே பனி உறைந்து கிடக்கும் நீண்ட மாரிக்காலத்தில், பள்ளிக்கூட உள்ளரங்குகளில் விரித்த மெத்தையின்மேல் இளைஞர்கள் பொருதும் மல்யுத்தம் அம்மாநிலத்து மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று; தந்தை மகனுக்கும் ஆசிரியர் மாணவனுக்கும் வழிவழியாக அளித்துவரும் சொத்து என்றே அதனைச் சொல்ல வேண்டும். மேற்கு வாட்டர்லூ உயர்நிலைப் பள்ளியில் பாப் சிடன்ஸ் என்னும் ஆசிரியரிடம் கேபிள் பயின்றார். மூன்று முறை மாநிலச் சாம்பியன் ஆனார். உலகம் கேபிளின் பெயரை அறிவதற்கு வெகுகாலம் முன்னரே அவரை உருவாக்கியவர் உங்களைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நீங்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

அப்பள்ளிப் பருவத்திலேயே அவர் குடும்பத்தின்மேல் பேரிடி ஒன்று விழுந்தது. 1964-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கேபிளும் பெற்றோரும் மீன்பிடிப்பதற்காக வெளியூர் சென்றிருந்த சமயத்தில், பத்தொன்பது வயதே நிரம்பிய அவருடைய ஒரே தமக்கை, தம் வீட்டிலேயே, அக்கம்பக்கத்தில் வசித்த ஓர் இளைஞனால் கொலையுண்டார். அப்போது கேபிளுக்கு வயது பதினைந்து. துக்கம் தாங்காத பெற்றோர் அவ்வீட்டில் இனி வாழ முடியாது என்று கலங்கியபோது, அச்சிறுவன் தன் படுக்கையை எடுத்துக்கொண்டுபோய்த் தமக்கையின் அறையிலேயே தங்கலானான். அந்த வீடு கைவிடப்படலாகாது, குடும்பம் சிதறலாகாது என்பதே அதன் நோக்கம். அதன் பின்னர் மகனுடைய போட்டிகளுக்குச் சென்று அமர்வது அப்பெற்றோர்க்கு உயிர்வாழ்வதற்கு ஓர் ஆதாரமாயிற்று. துன்பம் மனிதனை வீரனாக்கும் என்று இதிலிருந்து நான் போதிக்க வரவில்லை. அத்தகைய துன்பம் எக்குழந்தைக்கும் நேரலாகாது. உங்கள் மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுள் யார் வீட்டில் என்ன பாரம் இருக்கிறது என்பது எளிதில் தெரிவதில்லை என்பதையும், ஒழுங்காக நடைபெறும் ஒரு பயிற்சிக்கூடம் சில பிள்ளைகளுக்கு அன்றாட வாழ்வில் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் ஒரே பிடிமானமாக இருக்கக்கூடும் என்பதையும் மட்டுமே இதனால் நினைவூட்டுகிறேன்.

1966-இல் கேபிள், ஏம்ஸ் நகரத்திலுள்ள அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஹெரால்டு நிக்கல்ஸ் என்னும் புகழ்பெற்ற பயிற்சியாளரின் சிஷ்யரானார். அமெரிக்கக் கல்லூரிகளில் வழங்கும் மல்யுத்தம் ஒலிம்பிக் பந்தயங்களில் நடைபெறும் பிரீஸ்டைல் மல்யுத்தத்தினின்றும் வேறுபட்டது என்பதை இங்கே சிறிது விளக்குவது அவசியம். கல்லூரி முறையில், எதிராளியைக் கீழே வீழ்த்துவதோடு காரியம் முடிவதில்லை. அவன்மேல் ஆதிக்கம் செலுத்தி அவனை எழவொட்டாமல் வைத்திருக்கும் நேரத்துக்கும் மதிப்பு உண்டு. கீழே அகப்பட்டவன் விடுவித்துக்கொண்டு எழுந்தால் அவனுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். பிரீஸ்டைல் முறையிலோ, ஒருவனுடைய முதுகு ஒரு கணம் விரிப்பின் பக்கம் திரும்பினாலும் எதிராளி புள்ளி பெற்றுவிடுவான். ஆகவே முன்னது விடாப்பிடியையும் பொறுமையையும் வளர்க்கிறது. பின்னது வேகத்தையும் இமைப்பொழுதும் அயராத எச்சரிக்கையையும் கேட்கிறது. இரண்டிலும் தலைசிறந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் கேபிள் ஒருவர். முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழக அணியில் இடம்பெறக் கூடாது என்பது அக்கால விதியாகையால், இரண்டாம் ஆண்டு முதலே அவர் களம் இறங்கினார். 1968-இல் 130 ராத்தல் எடைப் பிரிவிலும் 1969-இல் 137 ராத்தல் பிரிவிலும் தேசியக் கல்லூரிச் சாம்பியன் பட்டம் பெற்றார்.

இனி அந்த ஒரு தோல்விக்கு வருகிறேன். 1970-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி, இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டன் நகரில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அரங்கத்தில், 142 ராத்தல் பிரிவின் இறுதிப் பந்தயம் நடைபெற்றது. அது கேபிளின் கல்லூரி வாழ்வில் கடைசிப் பந்தயம். பள்ளி நாள் தொட்டு ஒரு முறையும் தோற்காதவர் என்று தேசம் முழுவதும் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர் 182 வெற்றிகளோடு தோல்வியே காணாமல் கல்லூரியை விட்டு விடைபெறப் போவதை முன்கூட்டியே அறிவிக்கும் விளம்பர வாசகத்தைத் தொலைக்காட்சிக்காக அவர் வாயாலேயே சொல்லச் செய்து, நா தடுமாறியபோதெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் படம் பிடித்தார்கள். எதிரே நின்றவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டு மாணவர் லாரி ஓவிங்ஸ். 158 ராத்தல் பிரிவில் பொருதிவந்த அவர், கேபிளை எதிர்ப்பதற்கென்றே எடையைக் குறைத்து 142-க்கு இறங்கி வந்தவர். கேபிளை வெல்வேன் என்று வெளிப்படையாகவே சொல்லி வந்தவர். கேபிள் தம் கீர்த்தியின் முடிவைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்த வேளையில், ஓவிங்ஸ் கேபிள் ஒருவரை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தார். பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் கேபிள் முன்னணியில் இருக்கையில், ஓவிங்ஸ் அவரைக் கீழே வீழ்த்தி முதுகையும் விரிப்பின் பக்கம் திருப்பிவிட்டார். 13-க்கு 11 என்ற கணக்கில் கேபிள் தோற்றார். பரிசு மேடையில் அவர் தலைகவிழ்ந்து கண்ணீர் விட்டு நின்றபோது, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டிற்று. அவருடைய அணியாகிய அயோவா ஸ்டேட் அன்று தேசிய அணிப் பட்டத்தை வென்றிருந்தும் அது அவருக்கு ஆறுதல் தரவில்லை.

ஆசிரியர்களே, அந்தக் கைதட்டலைப் பற்றி நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். அது அன்பினால் எழுந்தது, மரியாதைக்கு உரியது, ஆனால் அதில் பாடம் ஏதும் இல்லை. தோற்ற மாணவனை நோக்கி, நீ நன்றாகத்தான் ஆடினாய், அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை என்று நாம் சொல்லும் ஆறுதல் மொழியும் அத்தகையதே. அன்றிரவுக்கு அது போதும், மறுநாளைக்குப் போதாது. நோயாளியைக் கடிந்துகொள்ளாமலும், அதே சமயம் நோய் இல்லையென்று பொய் கூறாமலும், நாடியைப் பிடித்து அதன் காரணத்தைத் தேடும் வைத்தியரைப் போல் ஆசிரியர் அத்தோல்வியை அணுக வேண்டும். கேபிள் தமக்குத் தாமே அவ்விதம் செய்துகொண்டார். அத்தோல்வியை நினையாத நாளில்லை என்று சொல்லத்தக்க அளவுக்கு அது அவர் உள்ளத்தைத் தைத்தது உண்மை. பல்லாண்டுகள் கழித்தும் அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் வேதனை இருந்தது. ஆயினும், அத்தோல்வி நேராதிருந்தால் தாம் பின்னர் அடைந்த உயரத்தை அடைந்திருக்க முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்று அவருக்குக் குறைந்தது பலம் அன்று, பிரயாசை அன்று. பந்தயம் முடியும் முன்னரே முடிவைப் பற்றிய சிந்தை உள்ளே புகுந்துவிட்டது. எதிராளியின் உபாயங்கள் சிலவற்றுக்கு மாற்றுப் பிடி ஆயத்தமாக இல்லை. இந்த இரண்டையும் கண்டறிந்த பின், அவருடைய அப்பியாசம் முன்னிலும் கடுமையானதோடு முன்னிலும் நுட்பமானதாகவும் மாறிற்று. வெறுமனே மிகுதியாக உழைப்பது வேறு. எங்கே குறை நேர்ந்ததோ அங்கே உழைப்பைக் கொண்டு சேர்ப்பது வேறு. மாணவன் முன்னதைத் தானே செய்துகொள்வான். பின்னதற்கு ஆசிரியர் வேண்டும்.

அதன் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. 1971-இல் கொலம்பியா நாட்டுக் காலி நகரில் நடைபெற்ற பான் அமெரிக்க விளையாட்டுகளில் தங்கம் வென்ற கேபிள், அவ்வாண்டே பல்கேரியத் தலைநகராகிய சோபியாவில் 68 கிலோ பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். 1972-இன் தொடக்கத்தில், பிரீஸ்டைல் மல்யுத்தத்தில் அக்காலத்தில் ஈடிணையற்று விளங்கிய சோவியத் வீரர்களை அவர்கள் நாட்டிலேயே, திபிலிசி நகரப் பந்தயத்தில் எதிர்த்து வென்றார். கேபிளை வெல்லத்தக்க ஒருவனை நாடெங்கும் தேடிக் கொண்டுவந்தே தீருவது என்று சோவியத் தரப்பினர் சூளுரைத்ததாக ஒரு செய்தி அன்று முதல் வழங்கி வருகிறது. ஒலிம்பிக்குக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்கப் போட்டியில் மீண்டும் ஓவிங்ஸைச் சந்தித்த கேபிள், இம்முறை 7-க்கு 1 என்ற கணக்கில் வென்றார். பின்னர் முனிச் ஒலிம்பிக்கில், முதற் பந்தயத்திலேயே தலையில் காயம்பட்டுத் தையலிட நேர்ந்த போதிலும், முழங்காலில் முன்னமே ஊறுபட்டிருந்த போதிலும், ஆறு பந்தயங்களில் எந்த எதிராளிக்கும் ஒரு புள்ளியேனும் விட்டுக்கொடாமல் தங்கப் பதக்கம் பெற்றார். இறுதியில் அவரை எதிர்த்து நின்ற சோவியத் வீரர் ருஸ்லான் அஷுராலியேவ் 3-க்கு 0 என்று தோற்றார். ஒரே இரவில் 13 புள்ளிகளை இழந்தவர், இரண்டரை ஆண்டுகளில், உலகமே கூடிய களத்தில் ஒரு புள்ளியும் இழக்காதவர் ஆனார் என்பதைவிட அவ்வாராய்ச்சியின் வெற்றிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவர் அங்கேயே நின்றிருந்தால் ஒரு பெரும் வீரர் என்று மட்டும் நாம் கொண்டாடியிருப்போம். ஆனால் தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்க முடியுமா என்னும் சோதனை அதன் பின்னரே தொடங்கிற்று. ஒலிம்பிக் முடிந்த கையோடு, தாம் பயின்ற அயோவா ஸ்டேட்டின் போட்டியாளரான அயோவா பல்கலைக்கழகத்தில், கேரி குர்டல்மையரின் கீழ்த் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1976-இல் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1997 வரையில் அப்பதவியில் இருந்த இருபத்தொரு பருவங்களில், அவர் அணி 355 முறை வென்றது, 21 முறை தோற்றது, 5 முறை சமன் செய்தது. பிக் டென் எனப்படும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டத்தை ஓர் ஆண்டும் தவறாமல் 21 முறையும், தேசியப் பட்டத்தை 15 முறையும் பெற்றது. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க பிரீஸ்டைல் அணி ஏழு தங்கம் வென்றது. சோவியத் நாடும் அதன் நேச நாடுகள் பலவும் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். அவ்வேழு பேருள் எட் பனாக், லூ பனாக் என்னும் இரட்டைச் சகோதரரும் ராண்டி லூயிஸும் அயோவாவில் அவரிடம் பயின்றவர்கள்.

இப்பெருமைகளுக்கு நடுவில் இன்னொரு தோல்வி இருக்கிறது. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் விசேஷமானதாகத் தோன்றுகிறது. 1978 முதல் 1986 வரை தொடர்ந்து ஒன்பது முறை தேசியப் பட்டம் வென்ற அவர் அணி, 1987-இல் பத்தாவது பட்டத்தை எதிர்நோக்கிப் பத்து என்னும் ரோமானிய எண்ணைத் தன் உடையிலேயே பொறித்துக்கொண்டு களம் புகுந்தது. அவ்வாண்டு அவ்வணியை வீழ்த்தியது கேபிளின் தாய்க் கல்லூரியாகிய அயோவா ஸ்டேட். அதனைப் பயிற்றுவித்தவர் நிக்கல்ஸிடம் பயின்ற ஜிம் கிப்பன்ஸ். முடிவு கைக்கு வருமுன் அதனை அறிவித்துவிடுவது என்னும் அதே பிழை, பதினேழு ஆண்டுகளுக்குப் பின், ஓர் ஆள் செய்தது போக ஓர் அணி முழுவதும் செய்ததாக அமைந்துவிட்டது. அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளும் தேசியப் பட்டம் வேறு கல்லூரிகளுக்கே சென்றது. ஒருமுறை கற்ற பாடம் எக்காலத்துக்கும் போதும் என்று நினைப்பவர்க்கு இது நல்ல படிப்பினை. கேபிளோ, பழைய பெருமையைப் பேசிக் காலங் கழிக்கவில்லை. பதவியை விட்டு விலகவும் இல்லை. மீண்டும் அடித்தளத்திலிருந்து கட்டி, 1991 முதல் மூன்று முறையும், 1995 முதல் மூன்று முறையும் பட்டத்தை மீட்டார். 1997-ஆம் ஆண்டின் இறுதிப் பந்தயம் அவர் பிறந்த வாட்டர்லூவை ஒட்டிய சீடர் பால்ஸ் நகரில் நடந்தது. இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோல்களின் துணையோடு நின்ற அவர் முன்னிலையில், அதுவரை எவ்வணியும் எட்டாத 170 புள்ளிகளை அவருடைய மாணவர் பெற்றனர். அதுவே அவர் தலைமைப் பயிற்சியாளராக நின்ற கடைசிப் பந்தயம்.

அந்த ஊன்றுகோல்களையும் நாம் மறந்துவிடலாகாது. உடலை வருத்துதலே தவம் என்று கொண்டாடும் மனப்போக்கு மல்யுத்தத்தில் மிகுதி. அதன் கொடிய முகம் அதே 1997-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவின் மூன்று வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று மல்யுத்த மாணவர்கள், பந்தயத்துக்காக விரைந்து எடை குறைக்க முயன்று, உடலில் நீர் வற்றி உயிரிழந்தனர். அதன் பின்னரே வெப்ப அறைகள், ரப்பர் உடைகள், நீரிறக்கும் மருந்துகள் ஆகியவற்றைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தடை செய்தது. எடை பார்க்கும் நேரத்தையும் பந்தயத்துக்கு அருகே கொண்டுவந்தது. ஒவ்வொரு வீரனும் எவ்வளவுக்குக் கீழே இறங்கலாகாது என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே அளந்து நிர்ணயிக்கும் முறையும் ஏற்பட்டது. எடையின் கொடுமையை நம் நாட்டாரும் அறிவர். 2024-இல் பாரிஸில், 50 கிலோ பிரிவின் இறுதிப் பந்தயம் வரையில் வந்த வினேஷ் போகாட், 100 கிராம் மிகுதிக்காக நீக்கப்பட்டபோது நாடே கலங்கியது. ஆகவே, கேபிளின் உழைப்பை உங்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது, உழைப்புக்கு எல்லை வகுப்பதும் ஆசிரியரின் தர்மமே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதினெட்டு வயது இளைஞன் தானாக நிறுத்தமாட்டான்; நிறுத்து என்று சொல்லும் அதிகாரமும் அக்கறையும் உள்ளவர் நீங்களே.

உங்கள் பொறுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகளையும் இங்கே நினைவுகூர்கிறேன். கேபிள் முனிச்சில் வென்ற காலத்தில் ஒலிம்பிக் மல்யுத்தம் ஆண்களுக்கு மட்டுமே உரியது. 2004-இல் ஏதென்ஸில்தான் அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது.  அவர் பயிற்றுவித்த அயோவா பல்கலைக்கழகமே 2021-இல் பெண்களுக்கென மல்யுத்த அணி தொடங்கப்போவதாக அறிவித்தது. நான்கு பெண்மக்களின் தந்தையாகிய அவர் வாழ்நாளிலேயே நிகழ்ந்த இம்மாறுதல், கோதா எவர்க்கு உரியது என்னும் ஐயத்தைத் தீர்த்துவிட்டது.

இறுதியாக உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுவே. தோற்ற மாணவனை அன்றிரவு எதுவும் கேளாதீர்கள். உண்ணவும் உறங்கவும் விடுங்கள். மறுநாள் அவனை அழைத்து, அப்பந்தயத்தை அவன் வாயாலேயே தொடக்கம் முதல் சொல்லச் செய்யுங்கள். எங்கே அவன் சிந்தை விலகிற்று, எந்தப் பிடிக்கு மாற்றுத் தெரியாமல் நின்றான் என்பதை இருவருமாகக் கண்டறிந்து, அவனுடைய குறிப்பேட்டில் எழுதுங்கள்; அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிய ஒருநாளும் அனுமதியாதீர்கள். பின்பு அந்த ஒரு குறைக்கு மட்டும் உரிய பயிற்சியை வகுத்து, அது நீங்கும்வரை அவனோடு இருங்கள். பள்ளிகளின் முகப்பில் வெற்றிக் கேடயங்களை அடுக்கி வைப்பதில் தவறில்லை; ஆனால் ஒரு பள்ளியின் தரத்தைக் காட்டுவது, தோற்றவன் அடுத்த வாரமும் பயிற்சிக்கு வந்து நிற்கிறானா என்பதே. அவன் வருவதும் வராததும் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. அப்பணிக்கு உரிய நேரத்தையும் மரியாதையையும் நிர்வாகங்கள் உங்களுக்கு அளிக்க வேண்டும். அளிக்காவிட்டாலும், அம்மாணவன் உங்களைத்தான் நம்பி வருகிறான் என்பதை எண்ணி அதனைக் கைவிடாதிருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் பணியில் பெருமதிப்புடைய
ஒரு மல்யுத்த அபிமானி